வேலியோரத்து வெருகு: கோழி காத்த கதையின் சிறு வரலாறு

2022 ஆவணியில் ஒரு விடியப்புறம், கோழிக்கூட்டைத் திறக்கப் போன அம்மா போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லாரும் எழும்பி ஓடினோம். கூட்டுக்குள் ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்தில் கடி. ஒன்றையும் முழுதாகத் தின்னவில்லை. ஏழாவது கோழியைக் காணவில்லை. வேலிப் பொட்டு வரைக்கும் செட்டை சிந்திக் கிடந்தது. கூட்டுக்குள் அடைபட மறுத்து எப்போதும் மாமரத்திலேயே படுக்கிற இரண்டு பேடுகள் மட்டும் மேலே இருந்து கத்திக்கொண்டிருந்தன.

அது எப்படியான வருடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கறன்ற் இல்லாத இரவுகள். முட்டை விலை ஏறிக்கொண்டே போக, அரசு அதற்கு உச்சவிலை போட்டது. அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்கு நிலைமை போனது. அந்த நாட்களில்தான் நாங்களும் வளவு மூலையில் சும்மா கிடந்த பழைய கூட்டைத் திருத்தி, ஒன்பது ஊர்க்கோழி வாங்கி விட்டோம். வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு முட்டை என்பது அப்போது பெரிய விசயம். அந்த ஒரு இரவோடு அது முடிந்து போனது.

"நான்தான் கதவுக்குக் கல்லு வைக்க மறந்திட்டன்" என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி அழுதாள். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "கோழிக்குப் போய் ஆரும் அழுவினமே பிள்ளை?" என்று ஆறுதல் சொன்னார். 

இந்த இரண்டு வசனங்களும் எங்கட மண்டைக்குள் நெடுநாள் கிடந்தன. வளர்த்த கோழியைப் பறிகொடுத்தது ஆருடைய பிழை? அதுக்காக அழுகிறது விசர் வேலையா? கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் படிக்கிற ஆட்கள் என்றபடியால், இந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தோம். ராசாக்களின் வரலாறு நிறையப் படித்திருக்கிறோம். கோழிக்கூட்டின் வரலாறு எங்கட பாடத்திட்டத்தில் இல்லை.

நெல்லுக்கு இறங்கி வந்த பறவை

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. தென்கிழக்காசியக் காடுகளிலும் இந்தியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் இன்றைக்கும் அது வாழ்கிறது. எங்கட நாட்டுக் காடுகளில் றோட்டைக் குறுக்கறுத்து ஓடுகிற காட்டுக்கோழி அது இல்லை. அது இலங்கைக்கே உரிய வேறொரு இனம், நாட்டின் தேசியப் பறவை. தென்னிந்தியாவில் சாம்பல் காட்டுக்கோழி என்று இன்னொரு உறவு இருக்கிறது. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு அந்தச் சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று 2008 இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆகவே எங்கட வளவில் கிளறுகிற கோழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட காடுகள் இருக்கின்றன.

கோழியை மனிதர் எங்கே, எப்போது பழக்கினார்கள் என்பதில் நெடுங்காலமாக வாதம் நடந்தது. வடசீனா என்றார்கள், சிந்துவெளி என்றார்கள், பத்தாயிரம் வருடம் என்றுகூடச் சொன்னார்கள். 2022 இல், எங்கட கோழிகள் செத்த அதே வருடம், ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 89 நாடுகளில் 600 க்கு மேற்பட்ட இடங்களில் கிடைத்த கோழி எலும்புகளை அது திரும்பவும் ஆராய்ந்தது. வீட்டுக்கோழி என்று துணிந்து சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தில் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650 க்கும் 1250 க்கும் இடைப்பட்டது என்றும் அது சொன்னது.

எங்களுக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஆண்டுக் கணக்கு இல்லை, காரணம்தான். மனிதர் காட்டுக்குள் போய்க் கோழியைப் பிடித்து வந்து கட்டி வைத்த கதையாக அது இல்லை. மனிதர் நெல்லும் தினையும் விதைக்கத் தொடங்க, சிந்திய தானியத்துக்குக் காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி வந்தது. வந்தது அப்படியே ஊரோடு ஒட்டிக்கொண்டது. எங்கட பட்டினப்பாலையிலும் இந்தக் கோழி வருகிறது. முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்ன வருகிற கோழிக்குக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். ஊரின் செல்வத்தைக் காட்டத்தான் அந்தக் காட்சி. ஆனால் கோழி எதுக்காக மனிதரிடம் வந்தது என்பதும் அதில் இருக்கிறது.

ஒரு விசயத்தை மட்டும் கோழி மறக்கவில்லை. காட்டுக்கோழி இரவில் மரக்கொப்பில் ஏறிப் படுக்கும். இருட்டில் கோழிக்குக் கண் நல்லாகத் தெரியாது. பொழுதுபட்டால் அது கிட்டத்தட்டக் குருடு. அதனால் உயரம்தான் அதன் காவல். மூவாயிரம் வருடத்துக்குப் பிறகும் எங்கட வளவில் இரண்டு பேடுகள் கூட்டை விட்டு மாமரத்தில் ஏறியது அந்தப் பழைய நினைவால்தான். நாங்கள் அவற்றை "அடங்காத கோழியள்" என்று ஏசிக்கொண்டிருந்தோம்.

குறுந்தொகையில் ஒரு வேலி

நெல் கூப்பிட்டது கோழியை மட்டும் இல்லை. நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் எலியைத் தின்ன வேறொன்று வரும். இந்தச் சங்கிலி எங்களுக்கு விளங்கியது விலங்கியல் புத்தகத்தில் இல்லை, குறுந்தொகையில்.

குறுந்தொகை 107 ஆம் பாட்டு மதுரைக் கண்ணனார் பாடியது. தலைவனோடு நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்த பெண்ணைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. அந்தக் கோபத்தில் அவள் சேவலுக்குச் சாபம் போடுகிறாள்: நடுச்சாமத்தில் வீட்டு எலியைத் தேடித் திரிகிற வெருகின் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று. வெருகு என்றால் காட்டுப்பூனை. விடியக்காலமை கத்துகிற சேவலுக்கு நாங்கள் மனதுக்குள் திட்டுகிற திட்டுக்கும் அந்தச் சாபத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தச் சாபத்துக்குள் ஒரு துல்லியமான தகவல் இருக்கிறது. வெருகு வீட்டுக்கு வருவது கோழிக்காக இல்லை, எலிக்காக. வந்த இடத்தில் கோழி கிடைத்தால் அதையும் பிடிக்கும்.

139 ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்புலவர் பாடியது. பரத்தையிடம் போய்வந்த தலைவனை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று தோழி சொல்கிற மருதத்திணைப் பாட்டு. ஊரில் எழுகிற பழிப்பேச்சின் சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல்ல அவர் ஒரு உவமை எடுக்கிறார். பொழுதுபடுகிற நேரம், வேலிப் பக்கம் வெருகுகள் வந்துவிட்டன. வீட்டில் வளர்கிற குட்டைக்கால் பேடு தன் சின்னக் குஞ்சுகளோடு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் அவற்றைக் கூட்டிச் சேர்க்கக் கதறுகிறது. அந்தக் கதறலைப் போல இருக்கிறதாம் ஊர்ப்பேச்சு.

தமிழ் வகுப்பில் இந்தப் பாட்டைப் படித்தபோது நாங்கள் தலைவன், தோழி, வாயில் மறுத்தல் என்று குறிப்பெடுத்தோம். சோதினைக்கு அது போதும். கோழியைக் கவனிக்கவில்லை. அந்தக் காலமைக்குப் பிறகு திரும்ப எடுத்துப் படித்தால், அது ஒரு சம்பவ அறிக்கை மாதிரி இருக்கிறது. எந்த நேரம்? மாலை. எந்த இடம்? வேலி. என்ன பிழை? புகுவதற்கு இடம் இல்லை. கோழி என்ன செய்தது? குஞ்சுகளைக் கூப்பிட்டது. இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. எங்கட வளவில் நடந்ததுக்கும் இதே நான்கு பதில்தான். மாசாத்தியார் அந்தக் கதறலைக் காதால் கேட்டிருப்பார் என்றே நாங்கள் நினைக்கிறோம். கேட்காத ஒராள் அந்த உவமைக்குப் போயிருக்க மாட்டார்.

அந்தக் கதறலைப் பற்றி இன்றைக்கு ஆய்வுகளே இருக்கின்றன. மேலே பறக்கிற எதிரிக்குக் கோழி ஒரு விதமாகவும் தரையில் வருகிற எதிரிக்கு இன்னொரு விதமாகவும் சத்தம் போடும். மேலே பிராந்து என்றால் நீண்ட, மெல்லிய ஒரு சத்தம். தரையில் நாயோ கீரியோ என்றால் விட்டு விட்டுக் கொக்கரிப்பு. அம்மம்மாவுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். குசினிக்குள் இருந்தபடியே "அங்க கீரி போகுது, ஓடிப் பாருங்கோ" என்பார். போய்ப் பார்த்தால் கீரியின் வால் வேலிக்குள்ளால் மறையும்.

கல்லில் வெட்டிய கோழி

"கோழிக்குப் போய் ஆரும் அழுவினமே?" என்று மாமி கேட்டதுக்கு அண்டைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. ஊருக்காகச் சண்டை பிடித்து, ஆநிரை மீட்டு, செத்துப்போன வீரர்களுக்குத்தான் வழக்கமாக நடுகல் எடுப்பார்கள். இந்தக் கல்லில் வெட்டியிருப்பது ஒரு சேவல். கூடவே அது முகையூர் மேற்சேரிச் சேவல் என்று பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,500 வருடங்களுக்கு முந்திய கல் அது. சண்டைக்கு விட்ட சேவலுக்கு அந்தச் சேரி ஆட்கள் வீரனுக்குச் செய்த மரியாதையைச் செய்திருக்கிறார்கள்.

சேவலுக்குத் தமிழில் பெருமை குறைவில்லை. முருகனின் கொடியில் அது நிற்கிறது. சோழரின் உறையூருக்கே கோழி என்று இன்னொரு பெயர் இருந்தது. யானையைச் சண்டையில் வென்ற சேவலின் கதையை அந்தப் பெயருக்குக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெருமை எல்லாம் சண்டை பிடிக்கிற சேவலுக்குத்தான். முட்டையிட்டு, அடை கிடந்து, குஞ்சைச் செட்டைக்குள் வைத்துக் காத்து, ஒரு நாள் வேலியோரத்தில் செத்துப்போகிற பேட்டுக்கு ஒருத்தரும் கல் நடவில்லை. எங்களுக்குத் தெரிந்து அதை நினைவில் வைத்தவர் மாசாத்தியார்தான். வீட்டு வரலாறும் இப்படித்தான் இருக்கிறது. சண்டை எழுதப்படும், காவல் எழுதப்படாது. கோழியைக் காத்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் என்றபடியால், அதுக்கும் ஆவணம் இல்லை.

அம்மம்மாவின் கணக்கு

ஆவணம் இல்லாத இடத்தில் அம்மம்மாவைக் கேட்டோம். அவர் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்துக் கூடு நாலு கதியால் கால் நட்டு, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், பனைமட்டை அடுக்கி, மேலே கிடுகு போட்டது. ஏறுவதுக்கு ஒரு பலகை. பொழுதுபட்டதும் பலகையை எடுத்துவிடுவார்கள். "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக் குறுணல் எறிந்து, எண்ணி எண்ணித்தான் உள்ளே விடுவது. எண்ணுவது சின்னப்பிள்ளைகளின் வேலை. அம்மம்மா எண்ணப் பழகியதே அதில்தான் என்று சொன்னார். கூட்டுக்குக் கீழே நாய் படுக்கும். குஞ்சு பொரித்த பேட்டைக் குஞ்சுகளோடு கடகத்தால் மூடி, மேலே ஒரு கல்லு வைத்துக் குசினித் திண்ணையில் வைப்பார்கள்.

அவ்வளவு செய்தும் எல்லாம் தப்பாது. "பத்துப் பொரிச்சால் நாலு பிராந்துக்கும் காகத்துக்கும், ரெண்டு கீரிக்கு. மிச்சம்தானடா எங்களுக்கு" என்றார். நாங்கள் திகைத்துப் போனோம். அது அவருக்கு இழப்புக் கணக்கு இல்லை, வழமையான கணக்கு. ஆனால் அந்த நாலும் ரெண்டும் போகிறதே என்று அவர் சும்மா இருந்ததும் இல்லை. வானத்தில் பிராந்து வட்டமிட்டால் சுளகைத் தூக்கித் தட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியிருக்கிறார். இழப்பு வரும் என்று தெரிந்துகொண்டே காவல் காப்பது ஒரு மனப்பக்குவம். அது எங்களிடம் இருக்கவில்லை. ஒன்பது கோழி வாங்கினால் ஒன்பதும் இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிறகு லெகோன் வந்தது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வந்த வெள்ளைக் கோழி. வருடம் முழுக்க முட்டையிடும். ஆனால் அடை கிடக்கிற குணத்தை வளர்த்தவர்கள் தெரிவு செய்து தெரிவு செய்தே குறைத்துவிட்டார்கள். வெள்ளை நிறம் பிராந்தின் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அதை அடைத்துத்தான் வளர்க்க வேண்டும். கிடுகுவேலியும் கிளுவை வேலியும் போய் மதில் வந்தது. மதில் மனிசரை மறிக்கும். மரநாய்க்கு அது நல்ல றோட்டு. எங்கட வளவிலும் மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் பழைய வேலி. செத்த கோழிகளைப் புதைத்த பிறகு சுற்றிப் பார்த்தபோது, மதிலின் மேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தது. மரநாயின் அடையாளம் அது.

திறந்துவிட்ட கூடுகள்

அம்மம்மாவிடம் கேட்கப் போய், நாங்கள் கேட்காத ஒன்றும் வந்தது. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த நாள். எங்களில் ஒருத்தரும் அப்போது பிறக்கவில்லை. மழை. சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டியாகிவிட்டது. வெளிக்கிடுகிற நேரம் அம்மம்மா திரும்பி ஓடிப்போய்க் கோழிக்கூட்டின் கதவைத் திறந்துவிட்டு, வீட்டில் மிஞ்சிக் கிடந்த நெல்லை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தாராம். "பூட்டிவிட்டுப் போனால் உள்ளயே செத்துப்போகும். திறந்துவிட்டால் ஏதும் பிடிச்சுத் தின்னும். எதைச் செய்யிறது?" 

திரும்பி வந்தபோது கூடு இருந்தது, கோழி ஒன்றும் இல்லை. "நாயோ, நரியோ, மனிசனோ, ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மம்மா பேச்சை நிற்பாட்டினார். இடப்பெயர்வைப் பற்றி நாங்கள் எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறோம். கூட்டுக் கதவைப் பற்றி ஒன்றிலும் வாசிக்கவில்லை. பூட்டுவதா திறப்பதா என்று அண்டைக்கு எத்தனை வீட்டில் யோசித்திருப்பார்கள். கோழிக்கு மட்டும் இல்லை, நாய்க்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும்.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போன எங்கட சொந்தக்காரர் காணி விடுபட்டுத் திரும்பிப் போனபோது, வீடு நின்ற இடத்தில் பற்றை நின்றது. ஆட்கள் இல்லாத இடத்தில் பற்றை வளர, பற்றைக்குள் கீரியும் பாம்பும் காட்டுப்பூனையும் குடும்பம் நடத்தியிருந்தன. மீளக்குடியேறிய பல வீடுகளுக்கு வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சுகள் கிடைத்தன. சுற்றிவரப் பற்றை, வேலி இல்லை, நாய் இல்லை. அந்தச் சொந்தக்காரருக்குக் கொடுத்த குஞ்சுகளில் ஒன்றும் பெரிதாகவில்லை. அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் கோழி காப்பது கூடும் கதவும் மட்டும் இல்லை. வேலி, நாய், பக்கத்து வீட்டுக்காரரின் சத்தம், எண்ணுகிற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்ததுதான் காவல். அதைக் குஞ்சோடு சேர்த்து ஒருத்தரும் கொண்டுவந்து தரமுடியாது.

ஏன் எல்லாவற்றையும் கொன்றது?

எங்களை மிகவும் உறுத்தினது, ஒன்றைத் தூக்கிக்கொண்டு போன விலங்கு ஏன் மற்ற ஆறையும் சும்மா கொன்றது என்பதுதான். தம்பி அதை "கொலைவெறி" என்றான். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் இதைப் பற்றி 1972 இல் ஒரு ஆய்வு எழுதினார். கும்மிருட்டான இரவுகளில் நரிகள் தரையில் கூடு கட்டியிருந்த கடற்பறவைகளை நிறையக் கொன்று தின்னாமல் விட்டுவிட்டுப் போனதை அவர் பார்த்திருந்தார். அந்த மாதிரி இரவுகளில் பறவைகள் எழும்பிப் பறக்கவில்லை. அவர் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், வேட்டை அத்தோடு முடியும். மற்றவை ஓடாமல் முன்னால் நின்றால், பிடித்துக் கடிக்கிற தூண்டல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

அதாவது எங்கட கூடுதான் பொறி. கோழி வெளியே ஓட முடியாது, இருட்டில் கண்ணும் தெரியாது, மரநாய் உள்ளே வரலாம். பாதிக் காவல் காவலே இல்லாததை விட மோசம். மாமரத்தில் இருந்த இரண்டும் தப்பியது கூட அதிர்ஷ்டம்தான். மரநாய் நல்லாக மரமேறும். அண்டைக்கு அதுக்குக் கூடே போதுமாக இருந்தது.

இதை விளங்கிக்கொண்ட பிறகு அம்மாவோடு இருந்து கதைத்தோம். கதவுக்குக் கல்லு வைக்கிற கூட்டை ஒன்பது கோழிக்குப் போதும் என்று நினைத்தது நாங்கள் எல்லாரும். ஒரு நாள் கல்லை மறக்கிறது மனிச இயல்பு. ஒரு ஆளின் ஞாபகத்தில் மட்டும் தொங்குகிற காவல் எப்போதாவது ஒரு நாள் அறுந்துதான் போகும். பிழை அந்த ஏற்பாட்டில் இருந்தது.

பிறகு நாங்கள் செய்தது

முதல் இரவிலேயே ஒன்று படித்தோம். ருசி கண்ட விலங்கு திரும்ப வரும். மிஞ்சின இரண்டு பேட்டையும் குசினிக்குள் கடகத்தால் மூடி வைத்தோம். அந்த இரவும் அடுத்த இரவும் கூட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. செத்ததை ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். மேலோட்டமாகப் புதைத்தால் நாய் கிண்டும், அது இன்னும் பலதைக் கூப்பிடும். பேடுகள் இரண்டும் கொஞ்ச நாள் முட்டையிடவில்லை. பயந்த கோழி அப்படித்தான், வற்புறுத்திப் பயனில்லை.

ஊரில் ஒருத்தர் முட்டைக்குள் நஞ்சு வைக்கச் சொன்னார். இன்னொருத்தர் சுருக்கு வைக்கச் சொன்னார். கோபத்தில் எங்களுக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நஞ்சு ஆளைப் பார்த்துத் தின்னாது. நாய் தின்னும், செத்ததைப் பிராந்து தின்னும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டிச் செத்தது நாடே பார்த்தது. அந்தச் சுருக்கு அதுக்கு வைத்ததாகவும் இருந்திருக்காது. மீன்பிடிப் பூனை போன்றவற்றைக் கொல்வது 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றமும் கூட. எல்லாவற்றுக்கும் மேல், 107 ஆம் பாட்டின் வெருகு எலி தேடித்தான் வந்தது. மரநாயும் எலியைத் தின்னும், பழம் தின்று விதை பரப்பும். அது போனால் எலி பெருகும்.

ஆகவே கூட்டைத் திருத்தினோம். அம்மம்மா சொன்ன மாதிரி மூன்று அடி உயரத்தில் கால் வைத்தது. மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை வெளியே விடாமல் வைத்திருக்கும், ஆனால் கடிக்கிறதைத் தடுக்காது. அதைக் கழற்றிவிட்டு அரை அங்குலச் சதுரக்கண் உள்ள தடித்த கம்பிவலை அடித்தோம். பகலில் விடுகிற அடைப்பைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை நிலத்தில் படுக்க வைத்து மண் போட்டோம். கிண்டிக்கொண்டு வருகிறது வலையில் முட்டித் திரும்பும். கல்லுக்குப் பதிலாகக் கொண்டி, கொண்டிக்கு மேல் ஒரு கொளுக்கி. கூட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கொப்பை வெட்டினோம். தீனியை இரவில் வெளியே விடுவதில்லை. நெல்லுத்தானே எலியைக் கூப்பிடுவது. குஞ்சுகளை முதல் ஆறு எட்டுக் கிழமை வலைக்கு வெளியே விடுவதில்லை. புதிதாக வாங்கின கோழிகளை இரண்டு கிழமை தள்ளி வைத்துத்தான் சேர்த்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் செலவில்லாதது. பொழுதுபட முதல் எண்ணி அடைக்கிறது. அதுக்கு வீட்டில் முறை வைத்திருக்கிறோம். ஒருத்தர் அடைத்தால் இன்னொருத்தர் போய்க் கொண்டியைப் பார்க்க வேண்டும். தங்கச்சி சுவரில் கொப்பித்தாள் ஒட்டி எண்ணிக்கையை எழுதுகிறாள்.

அதுக்குப் பிறகும் இழந்திருக்கிறோம். பட்டப்பகலில் இரண்டு குஞ்சைக் காகம் கொண்டுபோனது. ஒரு பேட்டைத் தெருநாய் பிடித்தது. ஒவ்வொன்றையும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறோம். கூடு உடைபட்டு எல்லாம் செத்த இரவு மட்டும் திரும்ப வரவில்லை. மாமரத்தில் தப்பின இரண்டு பேட்டில் ஒன்று இப்போதும் இருக்கிறது. வயது போய்விட்டது, முட்டை குறைவு. இன்னும் கூட்டுக்குள் போகப் பஞ்சிப்படும். பிடித்துத்தான் அடைக்க வேண்டும்.

மாமிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: கோழிக்கும் அழுதிருக்கிறார்கள், கல்லும் நட்டிருக்கிறார்கள், பாட்டிலும் வைத்திருக்கிறார்கள். அழுத பிறகு கதவைத் திருத்தியிருக்கிறார்கள். அப்படித் திருத்தினவர்களின் பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. உங்கட வீட்டிலும் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், அவர் காலத்துக் கூடு எப்படி இருந்தது, எதைப் பறிகொடுத்தார், என்ன செய்தார் என்று ஒருக்காக் கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ.